கதையை மேலே தூக்குவது யார்?
எண்ணத் தெரிந்த யந்திரம்!

கொருக்குப்பேட்டையில் ஒரு குடும்பத் தலைவி இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். பாத்திரம் கழுவி, பிள்ளைகளைத் தூங்க வைத்த பிறகு, செல்போனில் கதை எழுதுகிறார். பக்கத்தில் கூட்ஸ் வண்டி தடதடவென்று போகிறது. அவர் கை நிற்கவில்லை.

கதை முடிகிறது. பொத்தானை அழுத்துகிறார். வெளிவந்துவிட்டது! தபால் செலவு இல்லை. "பிரசுரிக்க இயலவில்லை" என்ற கடிதமும் இல்லை.

ஆனால், படித்தவர்கள் பதினோரு பேர். அதில் நாலு பேர் சொந்தக்காரர்கள்!

ஏன்?

வாசலில் நிற்பது யார்?

முன்பு பத்திரிகை ஆசிரியர் கதையைப் படிப்பார். பிடித்தால் போடுவார். இப்போது, பெங்களூரில் 2014-ல் தொடங்கிய பிரதிலிபி, கனடாவில் 2006-ல் பிறந்த வாட்பேட் போன்ற இணையதளங்களில் யாரும் எழுதலாம். கதைகள் மலை போலக் குவிகின்றன. செல்போன் திரையிலோ ஒரு சமயத்தில் நாலைந்து கதைகளின் பெயர்தான் தெரியும்.

எது மேலே வருவது? பெரும்பாலும் அதை முடிவு செய்வது கம்ப்யூட்டர் கணக்கு. "அல்காரிதம்" என்பது அதன் பெயர்.

அதற்குக் கதையின் சுவை தெரியாது. எண்ணத்தான் தெரியும். எத்தனை பேர் திறந்தார்கள்? எத்தனை பேர் கடைசி வரை படித்தார்கள்? எத்தனை நட்சத்திரம் கொடுத்தார்கள்?

பலர் படித்த கதை மேலே வரும். மேலே இருப்பதால் இன்னும் பலர் படிப்பார்கள். புதியவர் கீழேயே கிடப்பார்!

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் காத்து நின்றவர்களுக்கு, கேட் மூடியிருப்பதாவது கண்ணுக்குத் தெரிந்தது. இங்கே கேட் இருப்பதே தெரியாது.

தினமும் "தொடரும்"

வாசகர் நாளையும் வர வேண்டும் என்பதே இந்தத் தளங்களின் ஆசை. ஆகவே, ஒரே இரவில் படித்து முடிக்கும் சிறுகதையைவிட, நூறு அத்தியாயம் ஓடும் தொடர்கதைக்கு யோகம் அதிகம். கதாநாயகி கதவைத் திறக்கிறாள்... தொடரும்! பழைய வாரப் பத்திரிகைக்காரர்களுக்கும் இந்த வித்தை தெரியும். ஆனால் அவர்கள் வாரம் ஒரு முறை செய்தார்கள். இவர்கள் தினமும் செய்ய வேண்டும்.

கணக்கு மாறினால் எழுத்தும் மாறும். அமேசான் கம்பெனியின் "கிண்டில் அன்லிமிடெட்" சந்தா திட்டத்தில் அது நடந்தது. 2015 ஜூன் வரை, ஒரு புத்தகத்தில் பத்து சதவீதத்தைத் தாண்டி வாசகர் படித்தால், எழுதியவருக்கு ஒரு பங்கு பணம் உண்டு. 20 பக்கத்துக்கும் அதே பங்கு. 400 பக்கத்துக்கும் அதே பங்கு! குட்டிப் புத்தகங்கள் பெருகின.

2015 ஜூலையில், படித்த பக்கத்துக்குத் தகுந்த பணம் என்று மாற்றினார்கள். அவ்வளவுதான்! புத்தகங்களுக்கு வால் முளைத்தது. பழைய கதைகளைப் பின்னால் ஒட்டிப் பக்கத்தைப் பெருக்கியவர்களும் உண்டு. அதைத் தடுக்க அமேசான் பிறகு விதி போட வேண்டி வந்தது.

ஐரோப்பாவில் சட்டம்

எதை வைத்து வரிசைப்படுத்துகிறோம் என்ற முழுக் கணக்கையும் இந்தக் கம்பெனிகள் சொல்வதில்லை. அது தொழில் ரகசியமாம்! வாடிக்கையாளருக்குச் சொல்லாவிட்டால் போகட்டும். சரக்கு கொடுப்பவருக்காவது சொல்ல வேண்டாமா?

ஐரோப்பிய யூனியன் நாடுகள் இதற்காக 2019-ல் ஒரு சட்டம் செய்தன. இணையத்தில் பொருள் விற்கும் வியாபாரிகளுக்கு, எதை வைத்து முன்னே பின்னே நிறுத்துகிறோம் என்ற முக்கிய அம்சங்களைத் தளங்கள் எளிய மொழியில் தெரிவிக்க வேண்டும். 2020 ஜூலை 12 முதல் அது அமலில் இருக்கிறது.