6 கி.மீ. கட்டத்தில் மழைக் கணிப்பு: கணினி தயார், தரவு?

புது தில்லி: புணேயில் 'அர்கா', நொய்டாவில் 'அருணிகா' என ரூ.850 கோடியில் அமைந்த மீத்திறன் கணினிகள் 2024 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. அர்காவின் துணையோடு 2025 மே மாதம் 'பாரத் முன்னறிவிப்பு அமைப்பு' செயல்பாட்டுக்கு வந்தது.

வளிமண்டலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் காற்று, வெப்பம், ஈரப்பதம் மாறும் விதத்தைக் கணினி கணக்கிடுகிறது. முன்பு 12 கி.மீ.யாக இருந்த கட்டத்தின் பக்கம் இப்போது 6 கி.மீ. பக்கம் பாதியானால் கட்டங்கள் நான்கு மடங்காகும். கணக்கிடும் கால இடைவெளியும் சுருங்குவதால் வேலை ஏறத்தாழ எட்டு மடங்காகும்.

ஊராட்சி அளவில் கணிப்பதே இலக்கு என்கிறது மத்திய அரசு. ஆனால், தொடக்கத் தரவு பிழையானால் கணிப்பும் தவறும். தரவு திரட்டும் ரேடார்களைப் பெருக்கவும் 'மிஷன் மௌசம்' திட்டத்துக்கு 2024-ல் ரூ.2,000 கோடி ஒப்புதல் அளிக்கப்பட்டது. அவற்றில் எத்தனை இயங்குகின்றன என்பதே நாடாளுமன்றம் கேட்க வேண்டிய கேள்வி.