பெரியவளுக்கு ஒரு பிடி, சின்னவளுக்கு ஒரு பிடி

எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பிளஸ் ஒன். ஐந்தடி ஏழு அங்குலம், ஒல்லி. அவள் அப்பா வீட்டு வாகு. சின்னவள் எட்டாம் வகுப்பு. என்னைப் போலக் குட்டை, உடம்பும் பூசினாற்போல் இருக்கும். விசேஷ வீடுகளில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து, "முருங்கைக்காயும் பூசணிக்காயும் வந்தாச்சு" என்று சிரிப்பார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்தவள்தான். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

இருவரும் ஜூடோ கற்றுக்கொள்கிறார்கள். பெரியவளுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிட்டது. 'ஒசோட்டோ காரி' என்று ஒரு வீச்சு. எதிராளியின் பக்கத்தில் காலை ஊன்றி, அவளைப் பின்பக்கமாகச் சாய்த்து, நம் இன்னொரு காலால் அவள் காலைப் பின்னாலிருந்து வாரிவிடுவது. நீளக் கால் உள்ளவர்களுக்குத் தோதானது. அக்கா செய்வதைப் பார்த்துச் சின்னவளும் அதையே செய்வாள். இவள் கால் எட்டுவதற்குள் எதிராளி இவளையே பின்பக்கம் சாய்த்து விடுவாள். வரிசையாக மூன்று போட்டியில் தோற்றாள்.

"வெயிட்டைக் குறைச்சா கீழ் பிரிவுல சின்னப் பொண்ணுங்களோட மோதலாம்ல?" என்று யாரோ சொல்ல, நான் பிடித்துக்கொண்டேன். காலையில் கஞ்சி, இரவில் ஒரே ஒரு சப்பாத்தி. குழந்தை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. மூன்றாவது வாரம் பயிற்சியின்போது மேட்டிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். என்னை வரச் சொல்லி போன் வந்தது.

பயிற்சி தரும் மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வளர்ற பொண்ணும்மா. நீங்க வயிறு நிறைய சோறு போடுங்க. இந்த உடம்புக்கு எது வரும்னு பார்த்து நான் சொல்லித் தர்றேன்" என்றார். அன்று முதல் நானும் ஓரமாக பெஞ்சில் உட்கார்ந்து கவனிக்க ஆரம்பித்தேன்.

மேடம் சின்னவளுக்கு எடுத்துக் கொடுத்தது 'சியோய் நாகே'. மூட்டை தூக்குபவரைப் பார்த்திருப்பீர்கள். மூட்டையை எட்டி இழுக்க மாட்டார். முழங்காலை மடக்கி அதன் அடியில் போய் முதுகைக் கொடுப்பார். அதே வித்தைதான். எதிராளியின் சட்டைக் கையை இழுத்துக்கொண்டே திரும்பி, அவள் இடுப்புக்குக் கீழே நம் இடுப்பு போகும்படி புகுந்து, தோள்மேல் புரட்டிவிட வேண்டும். உயரமானவள் இதற்கு ரொம்பக் குனிய வேண்டும். குட்டையானவள் பாதிதூரம் ஏற்கெனவே கீழேதான் இருக்கிறாள்!

இரண்டாவது 'ஓ கோஷி'. எதிராளியின் இடுப்பைக் கையால் வளைத்து, நம் இடுப்பில் ஏற்றி உருட்டுவது. குடத்தை இடுப்பில் வாங்க நாம் இடுப்பை ஒரு பக்கம் கொடுக்கிறோமே, அந்த அசைவு. அகன்ற இடுப்பு இதற்குக் குறையே இல்லையாம். பெரியவளுக்கு ஒசோட்டோ காரியோடு 'உச்சிமாட்டா' என்று ஒன்று. காலை எதிராளியின் இரண்டு தொடைக்கும் நடுவே விட்டு மேலே தூக்கி எறிவது. அதற்கும் நீளக் கால்தான் மூலதனம்.

வீச்சைவிடப் பிடிதான் முக்கியம் என்பது எனக்குப் புதுச் செய்தி. வழக்கமான பிடியில் ஒரு கை எதிராளியின் முழங்கைப் பக்கத்துச் சட்டையில், இன்னொரு கை மார்புப் பட்டையில். உயரமானவர்கள் மார்புப் பட்டைக்குப் பதில் கழுத்துக்குப் பின்னால் காலரைப் பிடித்து அமுக்குவார்கள். தலை குனிந்துவிட்டால் எதிராளியால் ஒன்றும் செய்ய முடியாது. சின்னவள் தோற்றதெல்லாம் அப்படித்தான். மேடம் அவளுக்குச் சொன்னது: அந்தக் கை கழுத்துக்கு வருவதற்குள் சட்டைக் கையைப் பிடித்துக் கீழே இறக்கு, உன் இன்னொரு கை தாழ்வாக, உள்பக்கமாக இருக்கட்டும், முழங்கையை விலாவோடு ஒட்டி வை. இதை மட்டும் ஒரு மாதம் பழகினாள். வீட்டில் அக்காவின் பழைய யூனிபார்ம் சட்டை ஒன்று கிழிந்தே போயிற்று.

ஜூடோவை 1882இல் டோக்கியோவில் உண்டாக்கிய ஜிகோரோ கானோவே சிறு வயதில் நோஞ்சானாக இருந்து மற்ற பையன்களிடம் அவதிப்பட்டவராம். ஜப்பானின் ரியோகோ தனியின் உயரம் 146 சென்டிமீட்டர்தான்; என்னைவிடக் குட்டை. 48 கிலோ பிரிவில் 2000இலும் 2004இலும் ஒலிம்பிக் தங்கம். குழந்தை பெற்ற பிறகு 2008இல் வெண்கலம். அவருக்குப் பேர் வாங்கித் தந்ததும் சியோய் நாகேதான். நம் நாட்டிலும், 2022 காமன்வெல்த் போட்டியில் சுஷீலா தேவி 48 கிலோவில் வெள்ளி வாங்கினார். அதே போட்டியில் துலிகா மான் 78 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவில் வெள்ளி வாங்கினார். இதைச் சின்னவளிடம் சொன்னபோது அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

உயரமாக இருந்தால் இதுதான், குட்டையாக இருந்தால் அதுதான் என்று சட்டம் ஒன்றும் இல்லை. முதலில் எல்லாவற்றையும் எல்லோரும் பழக வேண்டும்; பிறகுதான் இரண்டு மூன்றைத் தனக்கென்று எடுத்துக்கொள்வது. அதற்கும் முன்னால் விழப் பழக வேண்டும். தாடையை நெஞ்சோடு ஒட்டி, கையால் மேட்டில் பட்டென்று அடித்து விழுவதை மட்டும் வாரக்கணக்கில் சொல்லித் தருகிறார்கள். பிள்ளைகளைச் சேர்க்க நினைக்கும் தோழிகள், அதைச் சொல்லித் தராமல் நேரே வீச்சுக்குப் போகும் இடத்தில் சேர்க்காதீர்கள். நகத்தை ஒட்ட வெட்டி அனுப்புங்கள். தோடு, கொலுசு எதுவும் கூடாது.

போன மாதம் நடந்த போட்டியில் சின்னவள் முதல் சுற்றில் தன்னைவிட ஒரு தலை உயரமான பெண்ணைச் சியோய் நாகேயில் புரட்டிவிட்டாள். இரண்டாவது சுற்றில் இடக்கைக்காரப் பெண் ஒருத்தியிடம் தோற்றாள். "பிடியே கிடைக்கலம்மா, எல்லாம் தலைகீழா இருக்கு" என்று பஸ்ஸில் புலம்பிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்ததும் இரண்டு தட்டு தயிர்சாதம். இப்போது தினமும் சாயங்காலம் அக்காவை இடக்கையால் பிடிக்கச் சொல்லிப் பழகுகிறாள். பெரியவளுக்குப் பரீட்சை இருந்தால் அந்த வேலை எனக்கு. என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இதுல காலர் எங்க இருக்கு?" என்கிறாள்.

- ஒரு வாசகி, கரூர்.