உஷார்! இரைச்சலை நிறுத்தப் பச்சை வயரை வெட்டாதீர்கள்!

வன்னியம்பட்டியில் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரை ஹோம் தியேட்டரில் இணைத்த நாளிலிருந்து ஸ்பீக்கரில் ஓயாத இரைச்சல். பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும் 'ம்ம்ம்ம்' என்று வண்டு குடைகிற மாதிரி ஒரு சத்தம். பழுது பார்க்க வந்த தம்பி ஐந்தே நிமிஷத்தில் அதை நிறுத்திவிட்டார். கம்ப்யூட்டர் செருகியிருந்த ஜங்ஷன் பாக்ஸின் த்ரீ பின் ப்ளக்கைக் கழற்றி, உள்ளே இருந்த பச்சை வயரை நறுக்கி, நுனியில் டேப் சுற்றி மூடினார். அவ்வளவுதான்.

"எர்த்துல இருந்துதாண்ணாச்சி இரைச்சல் வருது. இப்போ கேளுங்க, கப்சிப்!"

உண்மையிலேயே கப்சிப். கூலி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

மூன்றாம் நாள் காலை. வீடு துடைத்துவிட்டு ஈரக் காலோடு நின்ற அம்மா, கம்ப்யூட்டர் கேபினட்டை நகர்த்தக் கை வைத்தார். "ஆத்தீ!" என்று கத்திக்கொண்டே கையை உதறினார். "சுர்ர்ருன்னு இழுக்குதுடா, கட்டெறும்பு கடிச்ச மாதிரி!"

டெஸ்டரைக் கேபினட் ஸ்க்ரூவில் வைத்துப் பார்த்தேன். சிவப்பாக எரிந்தது. கம்ப்யூட்டர் அப்போது ஆஃப் செய்யப்பட்டிருந்தது. சுவரில் சுவிட்ச் மட்டும் போட்டபடி இருந்தது.

ராஜபாளையம் நாய்களுக்குப் பேர் போன வட்டாரம் இது. ராத்திரி குரைக்கிறது என்று நாயை அவிழ்த்துத் துரத்திவிட்டு, கதவையும் திறந்து போட்டுத் தூங்கினால் எப்படி இருக்கும்? நாங்கள் செய்தது அதுதான்.

பச்சை வயர் போனால் என்ன ஆகும்?

கம்ப்யூட்டருக்குள் கரண்ட் நுழைகிற முதல் இடம் எஸ்.எம்.பி.எஸ். என்கிற இரும்புப் பெட்டி. அதன் வாசலிலேயே இரைச்சலை வடிகட்ட ஒரு ஃபில்டர் உண்டு. ஃபேஸ் வயரிலிருந்து ஒரு குட்டிக் கபாசிட்டர், நியூட்ரலிலிருந்து ஒரு குட்டிக் கபாசிட்டர். இரண்டின் மறுமுனையும் பெட்டியின் உலோக உடம்பில் சேரும். வடிகட்டிய கசடு கரண்ட் எர்த் வயர், அதாவது அந்தப் பச்சை வயர், வழியாக மண்ணுக்குள் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு.

எர்த் இல்லை என்றால் அந்தக் கசடுக்குப் போக்கிடம் இல்லை. ஃபேஸில் 230 வோல்ட், நியூட்ரலில் ஏறக்குறைய சைபர், நடுவில் கேபினட். பாதிக்குப் பாதியாக ஏறத்தாழ 115 வோல்ட் அதன் உடம்பில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். நல்ல கம்ப்யூட்டரில் கசியும் கரண்ட் சாதாரணமாக 1 மில்லி ஆம்பியரைத் தாண்டாது. அதனால்தான் அம்மாவுக்கு 'சுர்ர்' என்பதோடு போயிற்று.

"அவ்வளவுதானே, செருப்புப் போட்டுக்கிட்டாப் போச்சு" என்று நினைத்தீர்களா? உஷார்! ஒரே ஜங்ஷன் பாக்ஸில் கம்ப்யூட்டர், மானிட்டர், பிரிண்டர் என்று செருகியிருந்தால் எல்லாவற்றின் கசிவும் ஒன்றாகக் கூடும். அந்தக் குட்டிக் கபாசிட்டர்களில் ஒன்று ஷார்ட் ஆனாலோ, எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் பல்லி விழுந்து செத்தாலோ, வயரை எலி கடித்தாலோ, முழு 230 வோல்ட்டும் கேபினட்டுக்கு வந்துவிடலாம். பச்சை வயர் இருந்தால் அந்த நொடியே பெருங்கரண்ட் மண்ணுக்குப் பாய்ந்து ஃபியூஸ் போகும் அல்லது ட்ரிப்பர் விழும். பச்சை வயர் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது. யாராவது வந்து தொடுகிறவரை அந்தக் கரண்ட் காத்துக் கிடக்கும். உடம்பின் வழியாக 30 மில்லி ஆம்பியர் கொஞ்ச நேரம் ஓடினாலே உயிருக்கு ஆபத்து. அது 1 ஆம்பியரில் நூறில் மூன்று பங்குதான்.

ஆபத்து கேபினட்டோடு நிற்பதும் இல்லை. மானிட்டர் கேபிளின் உறை, யு.எஸ்.பி. முனை, ஹெட்போன் ஜாக்கின் வெளிப்பக்கம் எல்லாமே கேபினட்டின் உடம்போடு சேர்ந்தவை. பிள்ளைகள் காதில் மாட்டிக்கொண்டு ஆன்லைன் கிளாஸ் கேட்கிற ஹெட்செட் வயரும் அங்கேதான் போய்ச் சேருகிறது!

மூன்று ஓட்டை இருந்தால் எர்த் இருக்கிறதா?

இல்லை. பழைய வீடுகளில் பாதி ஏமாற்று இங்கேதான். சுவரில் த்ரீ பின் சாக்கெட் இருக்கும். மேல் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. இன்னும் மோசமான வேலை ஒன்று உண்டு. எர்த் வயர் இழுக்கச் சோம்பல்பட்டு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு துண்டு வயரால் லூப் அடித்துவிடுவார்கள். எல்லாம் சரியாகவே தெரியும். என்றைக்காவது அந்த நியூட்ரல் வழியில் எங்காவது அறுந்தால், போட்டிருக்கிற சாதனங்கள் வழியாகவே கரண்ட் திரும்பிவந்து கேபினட்டில் 230 வோல்ட்டை ஏற்றிவிடும்.

எர்த் குழி இருக்கிற வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. சித்திரை, வைகாசி வெயிலில் மண் காய்ந்தால் எர்த்தின் பலம் குறையும். கொல்லைப்புறத்தில் கரியும் உப்பும் போட்டுப் புதைத்த அந்தக் குழாயைக் கடைசியாக எப்போது நனைத்தீர்கள்? லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. என்கிற கசிவு ட்ரிப்பர் இருக்கிறதா என்றும் கேளுங்கள். சாதாரண ட்ரிப்பருக்கு ஆளைக் கொல்லும் சிறு கசிவு கண்ணில் படாது. இதற்குப் படும்.

சத்தம் என்ன சொல்கிறது?

எல்லாச் சத்தத்துக்கும் பயப்படத் தேவையில்லை. எந்தச் சத்தத்துக்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

'கீ...ச்' என்று மெல்லிய விசில், கேம் விளையாடும்போது கூடுகிறது, நிறுத்தினால் குறைகிறது: இது மதர்போர்டு அல்லது கிராபிக்ஸ் கார்டில் இருக்கும் காயில் பாடுகிற பாட்டு. பிராசசருக்கு வோல்ட்டேஜைக் குறைத்துக் கொடுக்கும் இடத்தில் காயில்கள் வரிசையாக இருக்கும். கரண்ட் வேகமாக ஏறி இறங்கும்போது காந்த விசையில் அவை நடுங்கும். நடுக்கம் நம் காது கேட்கும் 20 ஆயிரம் ஹெர்ட்ஸுக்குள் வந்தால் விசில். காதுக்குத் தொல்லை, உயிருக்கு இல்லை. கேம் செட்டிங்கில் ஃபிரேம் வேகத்துக்கு வரம்பு வைத்தாலே பெரும்பாலும் அடங்கும். ஃபெவிக்விக் ஊற்றிக் காயிலை ஒட்டுகிற வித்தையெல்லாம் வேண்டாம்.

மவுஸை நகர்த்தும்போது ஸ்பீக்கரில் 'ஸ்ஸ்ர்ர்' என்று சத்தம் மாறுகிறது: மதர்போர்டின் சொந்த மின் இரைச்சல் அதிலேயே இருக்கும் சவுண்ட் பகுதிக்குள் புகுந்துவிட்டது. முன்பக்க ஜாக்கை விட்டுப் பின்பக்க ஜாக்கில் மாட்டிப் பாருங்கள். முன்பக்கத்துக்குப் போகும் மெல்லிய வயர் உள்ளே இருக்கிற இரைச்சலையெல்லாம் பொறுக்கிக்கொண்டு வரும். அப்படியும் போகாவிட்டால் யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு ஒன்று போதும்.

கரண்ட் போய் யு.பி.எஸ்.ஸில் ஓடும்போது மட்டும் 'ஙொய்' என்கிறது: மலிவான யு.பி.எஸ்., இன்வெர்ட்டர்கள் தருவது வழவழப்பான அலை இல்லை. கட்டை கட்டையாக வெட்டிய அலை. அதில் காயில்களும் டிரான்ஸ்ஃபார்மரும் முனகும். வேலையைச் சேமித்துவிட்டு நிறுத்துங்கள்.

'சடசட', 'டிக்... டிக்', எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் தெளித்த மாதிரி 'சுர்ர்', கூடவே கருகல் அல்லது மீன் வாடை: இதுதான் ஆபத்து. எங்கோ கனெக்‌ஷன் தளர்ந்து தீப்பொறி பறக்கிறது அல்லது ஏதோ வேகிறது. சூடேறிய சில பிளாஸ்டிக் பாகங்களிலிருந்து மீன் வாடை அடிக்கும். யார் வீட்டில் மீன் வாங்கினார்கள் என்று தேடிக்கொண்டிருக்காதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்து, பிறகு ப்ளக்கைப் பிடுங்குங்கள். அதன்பின் அதைப் போடவே போடாதீர்கள்.

தலை வீங்கிய கபாசிட்டர்

ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி டார்ச் அடித்து மதர்போர்டைப் பாருங்கள். சின்ன டப்பா மாதிரி நிற்பவை கபாசிட்டர்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பலாகவோ, உச்சியில் போட்ட கீறல் வெடித்தோ, பழுப்புப் பிசின் வழிந்தோ இருந்தால் அதன் கதை முடிந்தது. வோல்ட்டேஜ் அலைபாயும், புதுப்புது இரைச்சல் வரும், கம்ப்யூட்டர் தானாக அணைந்து எழும்.

இது சின்ன விஷயம் இல்லை. 2000களின் தொடக்கத்தில் உள்ளே இருக்கும் திரவம் சரியில்லாத கபாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவி, பேர் பெற்ற கம்பெனிகளையே ஆட்டிப்படைத்தன. டெல் நிறுவனம் 2003 மே முதல் 2005 ஜூலை வரை அனுப்பியவற்றில் குறைந்தது 1 கோடியே 18 லட்சம் கம்ப்யூட்டர்கள் பழுதாகும் நிலையில் இருந்தன என்று 2010இல் வெளியான வழக்கு ஆவணங்கள் சொல்லின. இப்போதைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் திரவம் இல்லாத கபாசிட்டர்கள்தான். ஆனால் எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்குள் திரவக் கபாசிட்டர்கள் இன்னும் இருக்கின்றன. செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்குகிறவர்கள் டார்ச்சோடு போங்கள்.

நம்மூருக்கு இன்னொரு எதிரி பஞ்சு. ராஜபாளையம், சத்திரப்பட்டிப் பக்கம் மில்லும் தறியும் ஓடுகிற தெருக்களில் பஞ்சுத் தூசி எஸ்.எம்.பி.எஸ். ஃபேனில் மெத்தை போட்டுவிடும். காற்றுப் போகாது, சூடு ஏறும். 10 டிகிரி சூடு கூடினால் இந்தக் கபாசிட்டரின் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் கணக்கு.

தூசி தட்டுகிறேன் என்று எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் திறந்துவிடாதீர்கள்! உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அது இருக்கலாம். அதைத் தொட்டவருக்கு எர்த்தும் உதவாது, ஆர்.சி.சி.பி.யும் உதவாது. வெளியிலிருந்தே ஊதுங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, ஓடுகிற கம்ப்யூட்டருக்குள் ஸ்க்ரூ டிரைவரை விட்டுக் காது வைக்கிறவர்களும் உண்டு. காகிதத்தைக் குழல் மாதிரி சுருட்டி, வெளியில் நின்றே கேளுங்கள்.

அப்படியானால் 'ம்ம்ம்' எப்படிப் போகும்?

எங்கள் வீட்டுக்கே வருகிறேன். வயர்மேனைக் கூப்பிட்டு முதலில் பச்சை வயரை மாட்டச் சொன்னோம். டெஸ்டர் அணைந்தது. 'ம்ம்ம்' திரும்ப வந்தது. எனக்கென்னவோ அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்க நிம்மதியாக இருந்தது.

பிறகு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒவ்வொரு வயராகக் கழற்றி, மறுபடி போட்டுக் கேட்டோம். ஸ்பீக்கரைத் தனியாக விட்டால் சத்தம் இல்லை. பேட்டரியில் ஓடும் லேப்டாப்பை மாட்டினால் சத்தம் இல்லை. ஹோம் தியேட்டரோடு இணைந்திருந்த செட்டாப் பாக்ஸிலிருந்து கேபிள் டி.வி. வயரைக் கழற்றியதும் கம்ப்யூட்டரிலும் சத்தம் இல்லை! ஹோம் தியேட்டருக்குக் கம்ப்யூட்டர் வழியாக வீட்டு எர்த் ஒன்று. தெருக் கம்பத்திலிருந்து வந்த கேபிளின் உறை வழியாக வேறோர் எர்த். இரண்டுக்கும் நடுவே சிறு வோல்ட்டேஜ் வித்தியாசம். நொடிக்கு 50 தடவை அலையும் நம் கரண்ட், அந்த வளையத்தில் சுற்றிச் சுற்றிப் பாடியிருக்கிறது. பச்சை வயரை வெட்டியபோது வளையம் அறுந்தது. அதனால்தான் சத்தம் நின்றது.

வளையத்தை அறுக்க வேண்டிய இடம் ஆடியோ வயர். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் கிரவுண்ட் லூப் ஐசோலேட்டரை அதில் செருகினோம். குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள்தான் உள்ளே. பாட்டைக் கடத்தும், எர்த்தைக் கடத்தாது. கேபிள் தொல்லை இல்லாத வீடுகளில் ஸ்பீக்கர், கம்ப்யூட்டர் இரண்டையும் ஒரே ப்ளக் பாயிண்டுக்கு மாற்றினாலே சில சமயம் போதும்.

மறக்காதீர்கள்!

கேபினட் 'சுர்ர்' என்றால் அதைத் தொடாமல் சுவரில் சுவிட்சை அணையுங்கள். எர்த் சரிபார்க்கும்வரை போடாதீர்கள். டூ பின் கன்வெர்ட்டரில் கம்ப்யூட்டரைச் செருகாதீர்கள். அதுவும் பச்சை வயரை வெட்டுகிற வேலைதான். யாருக்காவது ஷாக் அடித்தால் ஆளைப் பிடித்து இழுக்காமல் முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளிவிட்டு, 108-ஐ அழையுங்கள். மின்கம்பத்திலோ சர்வீஸ் வயரிலோ தீப்பொறி தெரிந்தால் மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழையுங்கள்.

யாராவது உங்கள் வீட்டுக்கு வந்து ஐந்தே நிமிஷத்தில் இரைச்சலை நிறுத்திவிட்டால், கூலியை எடுப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்:

"தம்பி, பச்சை வயரு எங்க?"