கணினித் திரையிற் பேரரசுகள்: ‘சிவிலைசேஷன்’ விளையாட்டின் வரலாற்று நோக்கு

வரலாறு பற்றிய கருத்துக்கள் வரலாற்று நூல்கள் வாயிலாக மட்டுமே மக்களைச் சென்றடைகின்றன என்று கொள்வதற்கில்லை. நாடகம், நாவல், திரைப்படம் ஆகியவற்றின் வழியே அவை பரவுமாற்றை ஆய்வாளர் பலர் விளக்கியுள்ளனர். கணினி விளையாட்டோ வெறும் பொழுதுபோக்கெனப் பெரும்பாலும் நம்மால் ஒதுக்கப்படுகின்றது. 1991ஆம் ஆண்டு அமெரிக்காவில் மைக்றோபுறோஸ் நிறுவனம் வெளியிட்டதும், சிட் மையர், புறூஸ் ஷெல்லி ஆகிய இருவரும் வடிவமைத்ததுமான ‘சிவிலைசேஷன்’ அவ்வாறு ஒதுக்கத்தக்கதன்று. அது உலக வரலாறு முழுவதையும் விதிகளாக வகுத்துத் தர முற்பட்டது.

சதுரங்கம் போன்று இதுவும் முறைவைத்து ஆடப்படுவது. கி.மு. 4000இல், பெரும்பகுதி இருண்டு கிடக்கும் உலகப் படத்திலே, குடியேற வந்தோருடன் ஆட்டம் தொடங்குகின்றது. அவர்கள் நகரொன்றை நிறுவுவர். சூழவுள்ள நிலச் சதுரங்களிலிருந்து உணவும் உற்பத்தியும் வணிக வருவாயும் கிடைக்கும். அவ்வருவாயை வரி, ஆராய்ச்சி, ஆடம்பரம் என மூன்றாகப் பங்கிடுபவர் ஆடுபவரே. தொடக்கத்தில் ஒரு முறைக்கு இருபது ஆண்டுகள் கழியும். நவீன காலம் நெருங்க அது ஓராண்டாகச் சுருங்கும். ஏனைய நாகரிகங்களை முற்றாக அழித்தோ, அல்பா சென்ரோறி என்னும் விண்மீனுக்கு முதலில் விண்கலம் செலுத்தியோ வெற்றி பெறலாம்.

இவ்வுலகில் வர்க்கங்கள் இல்லை என்பதே நாம் முதலில் மனங்கொள்ளவேண்டியது. நிலவுடைமையாளனும் இல்லை, கூலியாளும் இல்லை. நகர மக்கள் திரையில் வரிசையாக நிற்கும் முகங்களாகவே காட்சி தருவர். அவர்கள் மகிழ்வுற்றோர், அமைதியுற்றோர், அதிருப்தியுற்றோர் என மூவகையினர். அதிருப்தி தோன்றுவது சுரண்டலால் அன்று. நகரின் மக்கட்டொகை ஓரளவைக் கடந்ததும் அது தானாகவே பிறக்கின்றது. அதிருப்தியுற்றோர் மிகுந்தால் கலகம் மூளும், உற்பத்தி நின்றுவிடும். இதற்குப் பரிகாரம் யாது? கோயில் கட்டுதல், கேளிக்கை அரங்கு அமைத்தல், ஆடம்பரத்துக்கான பங்கினைக் கூட்டுதல் என்பனவே. சமயத்தின் சமூகப் பணி பற்றி மார்க்ஸ் கொண்டிருந்த கருத்தை இவ்விளையாட்டு அறிந்தோ அறியாமலோ வழிமொழிகின்றது எனலாம்! பெண்களுக்கு வாக்குரிமை வழங்குதல் உலக அதிசயங்களுள் ஒன்றாக இடம்பெறுகின்றது. ஆயின் அதன் பயன், மக்களாட்சி அரசு வெளிநாட்டுக்குப் படை அனுப்புவதால் எழும் அதிருப்தியைத் தணிப்பது. நெடிய போராட்டமொன்றின் பேறு இங்கே போருக்கான வசதியாகச் சுருங்கிவிடுகின்றது.

பொதுவுடைமையும் ஆட்சிமுறைகளுள் ஒன்றாக உண்டு. உடைமை உறவுகள் எவையும் அதனால் மாறுவதில்லை. தலைநகரிலிருந்து எத்துணைத் தொலைவிலுள்ள நகராயினும் ஊழல் ஒரே அளவினதாக இருக்கும் என்பதே அதன் தனித்தன்மை. விளையாட்டு வெளியான அதே ஆண்டின் இறுதியிலேயே சோவியத் ஒன்றியம் கலைந்தது என்பதும் நினைவுகூரத்தக்கது.

நிலம் பற்றிய நோக்கு இதனினும் பாரதூரமானது. வழியிலே சிறு குடிகளின் ஊர்கள் எதிர்ப்படும். ஆடுபவரின் படை உள்ளே நுழைந்ததும் பொன்னோ, பண்டைய அறிவுச் சுவடியோ, கூலிப்படையோ கிடைக்கும். ஊர் படத்திலிருந்து மறைந்துவிடும். அவ்வூரார் என்னவாயினர் என்று விளையாட்டு கேட்பதில்லை. இத்தகைய விளையாட்டுக்களின் இலக்கணத்தை 1993இல் அலன் எம்றிச் என்னும் விமரிசகர் நான்கு சொற்களில் வகுத்தார்: தேடியறிதல், விரிதல், சுரண்டல், அழித்தொழித்தல். அவர் இதனைக் கண்டனமாகவன்றி வருணனையாகவே கூறினார். 2018இல் இவ்வரிசையின் ஆறாவது விளையாட்டுக்கான விரிவாக்கத்திற் கனடாவின் கிறீ மக்கள் ஒரு நாகரிகமாகச் சேர்க்கப்பட்டபோது, பவுண்ட்மேக்கர் கிறீ சமூகத்தின் தலைவர்களுள் ஒருவர் ஆட்சேபித்தார். பிறர் நிலத்தை வெல்லும் நோக்கம் தம் மூதாதையரின் உலகநோக்கன்று என்பது அவர் வாதம். ஏனையோரோடு சமமாக வைக்கப்படுவதே இழிவாகவும் அமையக்கூடும் என்பதை அவ்வாதம் உணர்த்துகின்றது.

குறைகளை மட்டுமே கூறுதல் நேர்மையாகாது. தொழிற்சாலைகள் பெருகச் சூழல் மாசடைவதையும், அது மிகுந்து புவி வெப்பமுறுவதையும் 1991இலேயே இவ்விளையாட்டு விதியாக்கியிருந்தது. அன்றைய பாடநூல்கள் பலவற்றினும் அது முன்னே நின்றது எனல் மிகையாகாது.

ஆடும்போது நாமும் விதிவிலக்காக இருக்கவில்லை. குடியேற்றவாதத்தைக் கண்டித்து எழுதும் நாமே, அயலவன் ஆற்றோரத்தில் நகரமைக்குமுன் அங்கே நம் குடிகளை இருத்திவிடவேண்டும் என்று நள்ளிரவு தாண்டியும் விழித்திருந்தோம். ஒருமுறை ஒரே நகருடன் நின்று கல்வியையும் கலையையும் வளர்க்க முயன்றோம். பின்தங்கியதே மிச்சம், நம்மிடம் ஈட்டி வீரர் நிற்கையில் அயலவன் பீரங்கியுடன் வந்தான். 2001இல் வெளிவந்த மூன்றாவது விளையாட்டிலே பண்பாட்டினால் வெல்லும் வழியும் சேர்க்கப்பட்டது. ஆங்கும் பண்பாடு புள்ளிகளாகவே எண்ணப்படுகின்றது; போதிய அளவு சேர்ந்தால் அயலவனின் எல்லைநகர் தானாகவே நம் பக்கம் சாயும்.