இயந்திர வாளுக்கு ஏற்ற சுற்றுமானி எது?

காணிக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு முதல் வேலை பற்றை வெட்டுவதுதான். 2009 இல் போர் முடிந்த பின்னர் விடுவிக்கப்பட்ட காணிகள் பலவற்றில் வளவும் வயலும் காடாகவே கிடந்தன. மிதிவெடி அகற்றப்பட்டது உறுதியானதும் இயந்திர வாள் தேவைப்படுகிறது. தனியே வாங்க வசதியில்லாத இடத்தில் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம். ஆனால் அது பழுதானால் அத்தனை பேரின் வேலையும் நின்றுவிடும்.

வாள் இறுகுவது ஏன்?

இயந்திர வாளின் எஞ்சினுக்கு ஒயில் தனியாக விடுவதில்லை. பெற்றோலில் கலக்கும் ஒயிலே பிஸ்டனைக் காக்கிறது. காபரேட்டரில் ‘எச்’ எனக் குறித்த திருகாணியை வலப்புறம் திருகினால் பெற்றோல் குறைந்து வேகம் ஏறும். வேகத்தைக் கண்டு நாம் மகிழ்கிறோம். ஆனால் பெற்றோலோடு ஒயிலும் குறைகிறது, சூடு கூடுகிறது. ஈற்றில் பிஸ்டன் சிலிண்டரோடு இறுகிவிடும்.

அனுபவமுள்ள மெக்கானிக் சத்தத்தைக் கேட்டே அளவு பிடிப்பார். நிமிடத்துக்கு 12,500 சுற்றுக்கும் 14,000 சுற்றுக்கும் உள்ள வேறுபாடு நமது காதுக்கு எளிதில் பிடிபடாது. அதற்குத்தான் ‘ரக்கோமீற்றர்’ எனப்படும் சுற்றுமானி.

எதை வாங்கலாம்?

ஒளியால் அளக்கும் மானிக்கு, சுழலும் பாகத்தில் மினுங்கும் நாடா ஒட்ட வேண்டும். வாளில் சுழலும் பாகங்கள் மூடியிருப்பதால் இது வசதியில்லை. முனையைத் தொட்டு அளக்கும் மானியை ஓடும் சங்கிலிக்கருகே கொண்டுபோகவே கூடாது. பிளக் வயரில் சுற்றும், அல்லது பிளக்குக்கு அருகே பிடித்தாலே காட்டும் மானிதான் நமக்கு ஏற்றது. வாங்குமுன் மூன்றைக் கவனிப்போம்.

1. குறைந்தது 15,000 சுற்றுவரை காட்ட வேண்டும். மோட்டார் வாகன மானிகள் பல இதற்கு எட்டாது. 9,999 உடன் நின்றுவிடும் மானிகளும் உண்டு.

2. ஒரு சுற்றுக்கு ஒரு தீப்பொறி என மாற்றி வைக்கும் வசதி வேண்டும். வாளின் இரண்டடி எஞ்சினில் அப்படித்தான் பொறி வரும். தவறாக வைத்தால் இரட்டிப்பாகவோ பாதியாகவோ காட்டும்.

3. எண் விரைவாக மாற வேண்டும். மரமில்லாமல் வாளை முழு வேகத்தில் சில விநாடிகளுக்கு மேல் ஓட்டக்கூடாது. மெதுவாக மாறும் மானி அதற்குள் சரியான எண்ணைத் தராது.

பாவிக்கும் முறை

முதலில் காற்று வடியைத் துப்புரவாக்கி, புதிய பெற்றோலில் கையேட்டில் சொன்ன அளவு ஒயில் கலக்க வேண்டும். 50 க்கு 1 என்றால் ஒரு லீற்றருக்கு 20 மில்லிலீற்றர். சங்கிலியையும் கூராக்க வேண்டும். போர் நடந்த இடத்து மரங்களில் செல் துண்டு புதைந்திருக்கும். அதில் பட்டு மழுங்கிய சங்கிலி வெட்டாது. அதை எஞ்சின் குறை என்று எண்ணித் திருகாணியில் கை வைப்பது வீண் வேலை.

எஞ்சின் சூடானபின் ‘எல்’ திருகாணியைச் சரிசெய்து, ஓய்வு வேகத்தைக் கையேட்டின் அளவுக்குக் கொண்டு வருவோம். பல வாள்களில் இது 2,500 முதல் 3,000 சுற்று. அப்போது சங்கிலி அசையாமல் நிற்க வேண்டும். பின்னர் முழு வேகத்தில் ஓட்டி எண்ணைப் பார்ப்போம். கையேட்டில் உள்ள உச்ச அளவைத் தாண்டினால், எஞ்சினை நிறுத்தி, ‘எச்’ திருகாணியை இடப்புறம் சிறிது திருகி மீண்டும் பார்ப்போம். அளவுக்குச் சற்றுக் கீழே நிற்பதே பாதுகாப்பு.

சில வாள்களில் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கொயில் உண்டு. அங்கே பெற்றோல் குறைந்திருந்தாலும் எண் ஓரளவுக்கு மேல் ஏறாது. அந்த எண்ணை நம்பி ஏமாறக்கூடாது. தானாகவே அளவு பிடிக்கும் புதிய வாள்களில் திருப்பத் திருகாணியே இல்லை. அவற்றுக்காக மானி வாங்க வேண்டியதில்லை.

வாள் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மானி வாங்கத் தேவையில்லை. சங்கத்துக்கு ஒன்று போதும். ஒவ்வொரு வாளின் கையேட்டு அளவையும் ஒரு கொப்பியில் எழுதி, மானியோடு வைப்போம். இரவல் கொடுக்கும்போது கொப்பியும் கூடவே போகட்டும்.