கடலடி மரங்கள் – 6: வாசாவுக்குள் ஊறிய அமிலம்

மூழ்கிய கப்பல்களை மேலே தூக்கும் பொறியியலைச் சென்ற வாரம் பார்த்தோம். கரையேறிய பிறகு தொடங்கும் போராட்டம் அதைவிட நீண்டது. ஸ்வீடனின் 'வாசா' போர்க்கப்பலின் கதை அதற்குச் சாட்சி.

1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து முதல் பயணம் புறப்பட்ட வாசா, ஒன்றரை கிலோமீட்டர்கூடப் போகவில்லை. மேற்பாரம் அதிகமான கப்பல் காற்றில் சாய்ந்தது. திறந்திருந்த பீரங்கித் துவாரங்கள் வழியே நீர் புகுந்து, சுமார் 32 மீட்டர் ஆழத்தில் போய் அமர்ந்தது. 1961 ஏப்ரல் 24 அன்று, 333 ஆண்டுகள் கழித்து மேலே வந்தபோது அதன் ஓக் மர உடல் ஏறக்குறைய முழுதாக இருந்தது.

காரணம் அந்தத் தண்ணீர். பால்டிக் கடலில் உப்பு குறைவு. மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல்புழு அங்கே பிழைக்காது. போதாததற்கு, நகரத்தின் கழிவுகள் துறைமுகத்தில் கலந்து, அடிநீரில் ஆக்சிஜனே இல்லாமல் செய்துவிட்டன. மரத்தை அரிக்கும் உயிர்கள் பலவற்றுக்கு அங்கே இடமில்லை.

ஆனால், காப்பாற்றிய அதே தண்ணீர்தான் நஞ்சையும் ஊட்டியது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள், நீரிலுள்ள சல்ஃபேட்டைக் கொண்டு ஹைட்ரஜன் சல்ஃபைடை உண்டாக்குகின்றன. அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் அந்த வாயு மரத்துக்குள் புகுந்து கந்தகமாகவும் கந்தகச் சேர்மங்களாகவும் தங்கிவிட்டது. கப்பலின் இரும்பாணிகளும் துருவாகக் கரைந்து மரத்தில் ஊறின. காற்று படாதவரை இவை அமைதியாகக் கிடந்தன.

வெளியே வந்ததும் முதல் கவலை வேறாக இருந்தது. நீர் ஊறிய மரம் அப்படியே உலர்ந்தால் சுருங்கி வெடிக்கும். அதனால் 1962 முதல் 1979 வரை பாலிஎத்திலீன் கிளைகால் கரைசலைக் கப்பல்மீது தெளித்துக்கொண்டே இருந்தார்கள். நீர் இருந்த இடத்தை அந்த மெழுகுபோன்ற பொருள் பிடித்துக்கொண்டது. 1990இல் புதிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது; வேலை முடிந்ததென்றே தோன்றியது.

2000ஆம் ஆண்டின் மழை மிகுந்த கோடை அந்த நிம்மதியைக் கலைத்தது. கூடத்தில் ஈரப்பதம் ஏறியது. மரத்தின்மேல் வெள்ளையும் மஞ்சளுமாக உப்புகள் பூத்தன. சோதித்தால், கடும் அமிலம். ஆய்வாளர் மாக்னுஸ் சாண்ட்ஸ்ட்ரோமின் குழு எக்ஸ் கதிர்களால் மரத்தை ஆராய்ந்து, 2002இல் 'நேச்சர்' இதழில் முடிவை வெளியிட்டது: கப்பலுக்குள் தங்கியிருக்கும் கந்தகம் முழுக்க ஆக்சிஜனோடு சேர்ந்தால், 5 டன் வரை கந்தக அமிலம் உருவாகக்கூடும். காற்றும் ஈரமும் சேர, இரும்பு அந்த வினையை விரைவுபடுத்துகிறது. மரத்துக்கு வலுத் தரும் செல்லுலோஸ் இழைகளை அமிலம் துண்டுதுண்டாக்குகிறது.

சோடா கரைசலில் நனைத்த துணிகளால் ஒற்றி மேற்பரப்பின் அமிலத்தை முறித்துப் பார்த்தார்கள். ஆழத்தில் இருப்பதை அது எட்டவில்லை. எனவே கூடத்தின் ஈரப்பதத்தை ஏறவும் இறங்கவும் விடாமல் கட்டுப்படுத்தும் புதிய காற்றுச் சீரமைப்பு வந்தது. மீட்டபோது பொருத்திய 5,000க்கும் மேற்பட்ட இரும்புப் போல்ட்டுகளைக் கழற்றி, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளை மாட்டினார்கள். பிந்தைய ஆய்வுகள் இன்னொன்றையும் காட்டின: கந்தகம் குறைவாக உள்ள உட்பகுதியிலும் மரம் வலுவிழந்திருக்கிறது. அங்கே இரும்பு தூண்டும் ஆக்சிஜனேற்றமும் ஆக்சாலிக் அமிலமும் காரணமாகக் கருதப்படுகின்றன.

ஒரு கப்பலை மீட்பவர்கள், அதன் பராமரிப்பை அடுத்தடுத்த தலைமுறைகளின் தோளிலும் ஏற்றுகிறார்கள். நீரடிப் பண்பாட்டுச் செல்வங்களுக்கான 2001ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கை, கிடக்கும் இடத்திலேயே பாதுகாப்பதை முதல் வழியாகப் பரிசீலிக்கச் சொல்வது இதனால்தான் நியாயமாகப்படுகிறது. தூக்குவதற்குத் துணிபவர்கள், தூக்கும் செலவோடு நூறாண்டுக் காவலின் செலவையும் கணக்கில் எழுதியாக வேண்டும். அந்தப் பணம் இல்லையென்றால், கப்பலுக்குச் சேறே பாதுகாப்பான இடம்.

(அடுத்த வாரம்: 1545இல் மூழ்கிய இங்கிலாந்தின் 'மேரி ரோஸ்' கப்பலில் இதே கந்தகத்தை அடக்க நடக்கும் முயற்சி)