பட்டணத்துக் குப்பை எருவும் அதனால் நேரும் தீங்குகளும்

கிராமங்களில் மாட்டுத் தொழுவங்கள் குறைந்துவிட்டமையால் எருவுக்கு ஏற்பட்டிருக்கும் கிராக்கியைக் குடியானவர்கள் நன்கு அறிவார்கள். இதனால் பட்டணங்களிலிருந்து லாரிகளில் வரும் குப்பை எருவைப் பலர் யாதொரு விசாரணையுமின்றி வாங்கி நிலத்தில் கொட்டுகின்றனர். சில இடங்களில் அது இனாமாகவே கிடைக்கிறது. இனாமாய் வரும் எருவை வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

பட்டணக் குப்பையை எருவாக்குதல் நம் நாட்டுக்குப் புதிதன்று. 1939-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் டாக்டர் சி. என். ஆச்சார்யா என்பவர், குப்பையையும் மலத்தையும் குழிகளில் அடுக்கடுக்காய்ப் பரப்பி, மண்ணிட்டு மூடி மக்கச் செய்யும் முறையை வகுத்தார். அந்நாளைய குப்பையில் இருந்தவை பெரும்பாலும் சாம்பல், சருகு, காய்கறித் தோல், சாணம், தெருப் புழுதி ஆகியவையே. இக்காலத்துக் குப்பையிலோ பாட்டரிகள், குழல் விளக்குகள், பெயிண்டு டப்பாக்கள், ஊசிகள், பிளாஸ்டிக் துண்டுகள் யாவும் கலந்து வருகின்றன. பெயர் அதே பெயர்தான், சரக்கு மாறிவிட்டது.

சில வருஷங்களுக்கு முன் ஒரு மிராசுதாருக்கு இவ்வெருவை நானே சிபார்சு செய்தேன். அது எங்கிருந்து வந்ததென்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. பழைய குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்த மண் அது. கத்தரி நாற்றங்காலில் இட்ட பத்தாம் நாள் நாற்றுக்கள் வெளிறி நின்றன. களையெடுக்க வந்த அம்மாளின் காலில் கண்ணாடிச் சில்லு ஏறிற்று. தர்மாஸ்பத்திரியில் ரணஜன்னி ஊசி போட்டதோடு அது போயிற்று. ஆனால் அவ்வயலில் இன்றும் உழும்போதெல்லாம் பிளாஸ்டிக் கிழிசல் மேலே வருகிறது.

கண்ணுக்குத் தெரிபவற்றைப் பொறுக்கி எறியலாம். தெரியாதவையே பெரிய கவலைக்குரியவை. 1985-ஆம் வருஷத்து உரக் கட்டுப்பாட்டு உத்தரவின்படி, பட்டணக் கம்போஸ்டு 1 கிலோவில் ஈயம் 100 மில்லிகிராமுக்கும், காட்மியம் 5 மில்லிகிராமுக்கும், பாதரசம் 0.15 மில்லிகிராமுக்கும் மேற்படலாகாது. கணக்குப் பார்ப்போம். இந்த வரம்பிலுள்ள எருவை ஏக்கருக்கு வருஷம் 5 டன் வீதம் இட்டால், 10 வருஷத்தில் நிலத்தில் சேரும் ஈயம் 5 கிலோ. அரையடி ஆழத்து மேல்மண் ஏறக்குறைய 900 டன் ஆகையால், கிலோவுக்கு ஐந்தரை மில்லிகிராம்தான் கூடும். இதற்கு அஞ்ச வேண்டுவதில்லை. தரம் பிரிக்காத குப்பையிலிருந்து வந்த எருவில் ஈயம் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்குமானால் சேர்வதும் அத்தனை மடங்காகும். தழைச்சத்து பயிரால் செலவாகும், மழையில் கரையும். ஈயம் அவ்விதம் போகாது. உங்கள் பேரன் உழும்போதும் அங்கேயே இருக்கும். காட்மியத்தைக் கீரை வகைகள் எளிதில் உறிஞ்சுகின்றன. புளிப்பு நிலத்தில் இன்னும் அதிகமாக உறிஞ்சும். அது மூத்திரக்காயைக் கெடுக்கும்; ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைத் தடுக்கும்.

அடுத்தது கிருமிகள். குவியலின் உஷ்ணம் 55 டிகிரி சென்டிகிரேடுக்குக் குறையாமல் 15 நாள் நின்று, அதற்குள் 5 தடவை புரட்டப்பட்டால் நாக்குப்பூச்சியின் முட்டைகளும் நோய்க்கிருமிகளும் அழியும். அவசரத்தில் அள்ளி அனுப்பிய சரக்கில் அவை உயிரோடிருக்கும். ஆகவே பச்சையாய்த் தின்னும் காரட், முள்ளங்கி, கொத்தமல்லி முதலியவற்றுக்கு நம்பகமற்ற எருவை இடவே கூடாது. எருவை அள்ளும் ஆட்களுக்குச் செருப்பும் கையுறையும் கொடுத்து, புழுதி பறக்காதபடி தண்ணீர் தெளித்துக்கொள்ளச் செய்க.

மக்கிவிட்டதா என்றறிய வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு கைப்பிடி எருவை நனைத்துப் பாலிதீன் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரம் கழித்துத் திறந்தால் துர்நாற்றம் வீசலாகாது. இரண்டு சட்டிகளில், ஒன்றில் வயல் மண்ணும் மற்றதில் மண்ணும் எருவும் சரிபாதியுமாய் நிரப்பி, தலா 20 பச்சைப்பயறு விதைத்துப் பாருங்கள். எருச்சட்டியில் முளைப்புக் குன்றினால் உப்பு மிகுதி, அல்லது எரு இன்னும் பக்குவப்படவில்லை என்று கொள்க. உலோகங்களை இவ்விதம் அறிய முடியாது. அதற்கு ரஸாயனப் பரிசோதனை ஒன்றே வழி.

சந்தைக் காய்கறிக் கழிவைத் தனியே சேர்த்துச் செய்த எரு கிடைக்குமாயின் தயங்காமல் வாங்கலாம். குப்பைமேட்டு மண்ணை, பரிசோதனைச் சீட்டு இல்லாவிடில், லாரியோடு திருப்பி அனுப்புவதே நலம். கிராம அதிகாரிகள் இத்தகைய லோடுகளைக் குடிநீர்க் கிணறு, ஏரிக்கரை இவற்றின் அருகில் இறக்க இடங்கொடுக்கலாகாது. மழையில் வடியும் சாறு கிணற்றைக் கெடுத்துவிடும்.

பரிசோதனைக்கு மாதிரி எடுக்கையில் குவியலின் மேற்பரப்பில் மட்டும் அள்ளாமல், பத்து இடங்களில் ஆழத் தோண்டி எடுத்து, ஒன்றாய்க் கலந்து, அதில் அரைக் கிலோவைச் சுத்தமான பையில் கட்டி, லாரி வந்த தேதியும் குப்பை புறப்பட்ட ஊரும் எழுதி அனுப்புக.